ஓதம் பார்த்த மேஸ்திரி

வீட்டுக்குள் நுழைந்தவுடன் அவர் செய்கிற முதல் காரியம் மூக்கை உறிஞ்சுவது. “வாங்க” என்றால் பதில் வராது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். வாசற்படியைத் தாண்டியதும் இரண்டு தடவை காற்றை இழுத்துப் பார்ப்பார். பிறகு புறங்கையைச் சுவரில் வைத்து அழுத்துவார். அதற்கப்புறம்தான் பேச்சு.

“இன்னாம்மா இது, வூடா கிணறா? சுவரு பூரா ஓதம் ஏறிக் கெடக்குது. ஜன்னலைத் தொறக்கிறதே இல்லியா நீங்க?”

சொல்லிக்கொண்டே அவரே போய்த் திறந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போதுதான் நான் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிது. பிறந்த ஊர் நெமிலிப் பக்கம். வயலும் வரப்புமாக வளர்ந்தவள். தோல் பதனிடுகிற ஷாப்பின் வாடை ஒத்துக்கொள்ளாமல்தான் நான் ஜன்னலையே சாத்தி வைத்திருந்தேன். சுண்ணாம்புக் குழியின் வீச்சமும் ஊறுகிற ஆவாரம் பட்டையின் நெடியும் ராத்திரி பகல் இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கலாம் என்று சாத்தினால், இந்த மனுஷன் யார் வந்து திறக்க? மாமனாரா, மச்சானா?

மாமியாரிடம் கேட்டேன். “அது மேஸ்திரி. தோலு காயற கொட்டகை அவுரு கையிலதான். அப்படித்தான் இருப்பாரு, வுடு” என்று முடித்துவிட்டாள். பேரைச் சொல்லவில்லை. தெருவில் ஒருவரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேஸ்திரி என்றால் அவர் ஒருவர்தான்.

எங்கள் தெருவில் மொத்தமே பதினோரு வீடுகள். ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்காக முதலாளி கட்டிவிட்டது. எல்லாம் ஓட்டு வீடு, எல்லாரும் ஒரே கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ ஜனம். என் வீட்டுக்காரர் ஆவாரம் பட்டைக் களத்தில் வேலை பார்த்தார். மேஸ்திரி கடைசி வீடு.

அவருடைய வேலையை ஒருநாள் பார்த்தேன். வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனபோது கொட்டகை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. நீளமான கொட்டகை. நாலு பக்கமும் மூங்கில் தட்டிகள், கழியால் முட்டுக் கொடுத்துத் தூக்கிவைக்கிற மாதிரி. உள்ளே கொடி கொடியாக ஆட்டுத் தோல்கள். இவர் கையில் ஒரு நீளக் கழியோடு ஓடிக்கொண்டிருக்கிறார். மேற்கே ஒரு தட்டியை இறக்குகிறார், கிழக்கே இரண்டைத் தூக்குகிறார். ஒரு தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார், திரும்பப் போய் இறக்கின தட்டியையே அரை முழம் தூக்குகிறார். நான் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவரைக்கும் அந்த மனுஷன் ஒரு நொடி நிற்கவில்லை. பார்த்த எனக்கே கால் வலித்தது.

காற்று சூடாக அடித்தால் தோல் சட்டென்று காய்ந்து விறைத்துவிடுமாம், மடித்தால் வெடிக்குமாம். காற்று ஈரமாக இருந்தால் பூசணம் பூக்குமாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அந்தப் பதத்தில் நாள் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும். “வெயிலு நம்ம பேச்சைக் கேக்காது, மழையும் கேக்காது. தட்டிதான் கேக்கும்” என்பார். கொட்டகைத் தூணில் ஒரு ஆணி அடித்து, பச்சைத் தோலில் வெட்டின வார் ஒன்றைத் தொங்கவிட்டு, முனையில் ஒரு கல்லைக் கட்டியிருந்தார். காற்றில் ஈரம் ஜாஸ்தியானால் வார் தளர்ந்து கல் கீழே இறங்கும், கம்மியானால் சுருங்கி மேலே ஏறும். பக்கத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்காமல் அவர் எச்சில்கூட விழுங்க மாட்டார் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

அதோடு விட்டாரா? தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு வாரைத் தொங்கவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டிலும் ஒன்று கட்டிவிட்டுப் போனார். இரண்டாம் நாளே அதை நாய் தின்றுவிட்டது. வந்து பார்த்தவர் நாயைத் திட்டவில்லை. “கல்லு எந்தக் கோடு வரைக்கும் எறங்கியிருந்துது, பாத்தியாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைப் பார்த்தேன்? எனக்கு அதுதானா வேலை?

கோயிலிலும் இதே கூத்து. உபதேசியார் பிரசங்க மேடையில் ஏறி நின்று இரண்டு வசனம் வாசித்திருப்பார், இவர் எழுந்து தெற்கு ஜன்னலைத் திறப்பார். காற்று குபுகுபுவென்று வந்து பாட்டுப் புத்தகத்தின் தாள்களைப் புரட்டிவிடும். உபதேசியார் ஒரு பார்வை பார்ப்பார். உடனே போய்ச் சாத்துவார், ஆனால் அதற்கு எதிர் ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பொறுக்க மாட்டாமல் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு, “மேஸ்திரி, நீ மொதல்ல முடி, அப்புறம் நான் பேசறேன்” என்றார். கோயில் மொத்தமும் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. “ஆச்சுங்கய்யா, இந்த ஒண்ணுதான்” என்று கடைசி ஜன்னலையும் சரி செய்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி மெலிந்த பெண்பிள்ளை, வாய் மட்டும் நல்ல திடம். “அம்மா வூட்டுல மாப்பிள்ளைக்குத்தான் கட்டிக் குடுத்தாங்கன்னு நெனைச்சேன். ஜன்னலுக்குக் குடுத்துட்டாங்க” என்பாள். அவள் வீட்டில் விளக்கு நின்று எரியாது. அப்பளம் பொரித்தால் அதை உடைத்துப் பார்த்து, நமத்திருக்கிறதா என்று அவர் சோதித்த பிறகுதான் இலைக்கு வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் மற்ற எல்லார் வீட்டிலும் பெட்டிக்குள் துணி மக்கல் வீச்சம் வீசியபோது, அவள் புடவை மட்டும் மொறுமொறுவென்று இருக்கும். எனக்கு உள்ளுக்குள் பொறாமை.

முதலாளியின் பங்களாவில் நடந்ததை வீட்டுக்காரர் வந்து சொல்லி, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கத்திரி வெயில் நாள். பங்களாவின் மேற்கு வாசல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, இரண்டு ஆள் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த தோல் வியாபாரி ஒருவர். வந்த குளிர்ச்சி வெளியே போய்விடக்கூடாது என்று முதலாளி மற்ற ஜன்னல் கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தச் சொல்லியிருந்தார். உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் வேர்த்து ஊற்றுகிறது. மாதிரித் தோலைக் காட்டுவதற்காக மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தோல்கட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். மேஸ்திரி உள்ளே நுழைந்தார், மூக்கை உறிஞ்சினார், தோல்கட்டைப் பார்க்கவே இல்லை. நேரே பின்கட்டுக்குப் போய்க் கிழக்கு ஜன்னல்கள் நாலையும் தடதடவென்று திறந்துவிட்டார்.

“ஏய் மேஸ்திரி, தலைக்கு ஏறிப்போச்சா உனக்கு? குளிர்ச்சி பூரா போய்டும்!” என்று முதலாளி கத்தினார்.

“இது குளிர்ச்சி இல்லீங்க மொதலாளி, புழுக்கம். வந்த காத்து போனாத்தானே அடுத்த காத்து உள்ள வரும்? வர்றதுக்கு ஒரு வழி வச்சீங்க, போறதுக்கு எங்க?”

கொஞ்ச நேரத்தில் ஈரத் தட்டி வழியாக மேல்காற்று சிலுசிலுவென்று இறங்கியதாம். வியாபாரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாராம். அடுத்த மாதங்களில் காற்று ஈரமாகத் திரும்பிய பிறகும் தட்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் இவரே போய்க் கழற்றிப் போட்டார். “காத்தே நனைஞ்சிட்டு வருது. அதும் மேல இன்னும் ஊத்தினா அது எங்க வாங்கும்?” என்று கேட்டாராம். வேறு எவனாவது இருந்தால் வேலை போயிருக்கும்.

இப்போது என் தம்பி மகன் மெட்ராஸில் படுக்கையறைக்கு ஏ.சி. மிஷின் வைத்திருக்கிறான். அறைக்காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து, ஒரு குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. அந்தக் குழாய்க்கு அடியில் மேஸ்திரியை நிறுத்தியிருந்தால், அன்றைக்கு முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் அங்கேயே நின்றிருப்பார்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மிச்சத்தைச் சொல்வதற்குத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த மூன்று வருஷமும் மாமியார் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டுச் சுவர்கள் இடுப்பு உயரத்துக்கு நனைந்து கிடந்தன. குழந்தைக்குப் போடுகிற துணி ஒன்றுகூடக் காயவில்லை.

மழைக்காலத்தில் கொட்டகையில் கரிச்சட்டி வைப்பது வழக்கம். சட்டி நிறையக் கரியைக் கனிய வைத்து நடுவில் வைத்தால் காற்று உலரும், தோலுக்குப் பூசணம் வராது. அதனால் மாமியார் மேஸ்திரியைத் தெருவில் பார்த்துக் கேட்டிருக்கிறாள், பச்சை உடம்புக்காரி இருக்கிற அறை இப்படி ஈரமாக இருக்கிறதே என்ன செய்ய என்று. அவர் எப்போதும் போல நடந்துகொண்டே பதில் சொல்லியிருக்கிறார்.

“கரிச்சட்டி வையிக்கா, உலந்துடும். மேல ஒரு சாண் தொறந்து வுடு.”

முன்பாதி மாமியார் காதில் விழுந்தது. பின்பாதி விழவில்லை, விழுந்தாலும் அவள் செய்திருக்க மாட்டாள். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, ஜன்னலுக்குச் சாக்கு. எங்கள் அறையில் ஓட்டுக்குக் கீழே மூங்கில் பாய் கட்டி மேலே மண் வேறு மெழுகியிருந்தது, தேள் விழாமல் இருக்க. கதவின் அடியில் பழம்புடவையைச் சுருட்டி வைத்தாள். நடுவில் கரிச்சட்டி. ஷாப்பில் வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான், கொட்டகையின் நெருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், கொட்டகை முகட்டில் இருக்கிற திறப்பை மறந்துவிட்டார்கள்.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் காலையில் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. அத்தை என்று கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வலி போய் ஒரு சுகமான மயக்கம் வந்தது. பக்கத்தில் பிள்ளை கிடக்கிறான், பாலுக்கு அழ வேண்டிய நேரம், அழவில்லை. தொட்டுப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கினேன். கை என் கையாக இல்லை. அப்போது நான் தெளிவாக நினைத்தேன்: நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.

வெளியே நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மேஸ்திரி எங்கள் வாசலில் நின்று, “கொழந்த எப்படிக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஸ்தோத்திரம், நல்லா தூங்குது. தாயும் புள்ளயும் காலையில இருந்து எழுந்திரிக்கவே இல்ல.”

“புள்ள அழக்கூட இல்லியா?”

“அழல. கரிச்சட்டி சூடு, சொகமா இருக்குது.”

“மேல வுட்டியா வழி?”

“எந்த வழி?” என்று மாமியார் கேட்டிருக்கிறாள். இவர் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். ஆம்பிளை, பிள்ளை பெற்றவள் அறையைத் திறக்கச் சொல்கிறானே என்று அவள் கதவுக்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறாள். அவர் அவளோடு சண்டை போடவில்லை. கொல்லைப்பக்கம் ஓடி, அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏறிவிட்டார். ஓட்டைப் பிடுங்கி எறிந்தார். கடப்பாரையால் மூங்கில் பாயைக் குத்திக் கிழித்தார்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: திடீரென்று தலைக்கு மேல் இடிந்த சத்தம், மண்ணும் ஓட்டுச் சில்லும், அதற்குப் பின்னால் ஜில்லென்று மழை. முகத்தில், மார்பில், பிள்ளை மேல். கரிச்சட்டி புஸ்ஸென்று அணைந்தது. பிள்ளை வீல் என்று கத்தினான். மேலே ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. “அழுதுட்டான்! அழுதுட்டான்!” என்று அவர் கத்தினது எனக்குக் கேட்டது.

தெரு கூடிவிட்டது. பச்சை உடம்பு மேல் மழைத் தண்ணீரை ஊற்றிவிட்டான் பாவி என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு அன்று சாயங்காலமே சளி பிடித்தது, மூன்று நாள் மூச்சு இரைத்தது. அதனால் எல்லார் கோபமும் இரட்டிப்பானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியாரும் பெரியவர்களும் எங்கள் வாசலுக்கு வந்து மேஸ்திரியை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

“உள்ள அவங்களுக்கு மூச்சு முட்டுச்சிங்கய்யா. கொட்டகையில ஒருதரம் இப்படி ஒரு ஆளு வுழுந்துட்டான். நெருப்பு மூச்சு வாங்கும். நம்ம மூச்சைத்தான் வாங்கும்” என்றார் அவர். அப்புறம் குரல் இறங்கிப்போயிற்று. “கரிச்சட்டி வைன்னு சொன்னதும் நான்தான். நின்னு சொல்லியிருக்கணும்.”

உபதேசியார் நியாயமான மனிதர். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிக்கவில்லை. நான் படுத்திருந்த அறையின் திரைச்சீலைக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

“நீ சொல்லும்மா. அன்னிக்கி உள்ள உனக்கு எப்படி இருந்துது? தலைவலி, மயக்கம் ஏதாவது?”

மாமியார் என் காலடியில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அந்தப் பத்து நாளில்தான். பூண்டுக் குழம்பு வைத்துத் தன் கையால் ஊட்டினாள். அவள் வைத்த சட்டி என்னையும் பிள்ளையையும் கொன்றிருக்கும் என்று நான் சொன்னால், அந்தக் கை அப்படியே நின்றுவிடும். மேஸ்திரிக்கு என்ன, ஒரு திட்டு வாங்கிக்கொண்டு போவார், நாளைக்கே யார் ஜன்னலையாவது திறப்பார் என்று நினைத்தேன்.

“தூங்கிட்டிருந்தேன் ஐயா. வேற ஒண்ணும் தெரியாது” என்றேன்.

வேதப்புத்தகத்தின் மேல் கையை வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் சத்தியம் வாங்கினார்கள். இனிமேல் எவர் வீட்டு ஜன்னலையும் கதவையும் கூரையையும் தொடுவதில்லை, அதைப் பற்றி எவரிடமும் பேசுவதும் இல்லை. அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னதைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன். உடைந்த ஓடுகளையும் அவரே ஏறி மாற்றிக் கொடுத்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் கொடுமை. தெருவில் நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நடுத்தெருவில் போவார். கோயிலில் புழுங்கிச் சாகும், வேர்வை வழிய அசையாமல் இருப்பார். உபதேசியாரே ஒருநாள் தாங்க முடியாமல் தானே இறங்கி வந்து ஜன்னலைத் திறந்தார். கொட்டகையில் நிலைமை இன்னும் மோசம் என்று வீட்டுக்காரர் சொன்னார். தட்டியைத் தூக்குவாராம், இறக்குவாராம், பிறகு பக்கத்தில் நிற்கிற ஆளிடம் “சரிதானா?” என்று கேட்பாராம். அந்த மனுஷனா? வாரைப் பார்ப்பார், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், பார்த்ததை நம்பமாட்டாராம். அந்த வருஷம் இரண்டு கொடித் தோல் பூசணம் பிடித்தது. “அன்னிக்கி மழைய ஊத்தினதுல இருந்து அவுருக்கு அவுரு மேலயே நம்பிக்கை இல்ல. நல்லா தூங்கிட்டிருந்தவங்கள எழுப்பி வுட்டுட்டேனோன்னு எங்கிட்டயே ரெண்டு மூணு தடவ கேட்டுட்டாரு” என்றார் வீட்டுக்காரர்.

மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு வந்தது பிள்ளைப் பேற்றின் அசதிதான், வேறு ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். அதே அறை, அதே மழை. பெண் குழந்தை பிறந்தது. மாமியார் சாக்கை எடுத்து வந்து ஜன்னலில் அடித்தாள். “கரி வேணாமே அத்தை” என்றேன், முணுமுணுவென்று. “இன்னா பேசற நீ? உன்னைக் காப்பாத்தினதே அந்தச் சூடுதான்” என்றாள். கரியை ஊதிக் கனிய வைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

மூன்றாம் நாள் மதியம் கஞ்சி கொண்டுபோனபோது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டே, “தலைய இறுக்குது அண்ணி” என்றாள். பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் நின்றேன். எதிர்ச்சாரியில், மழையில், கூரைச் சரிவுக்கு அடியில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால் கோத்திருந்தன. எங்கள் வீட்டு முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு அடி எடுத்து வைத்தார், மறுபடி பின்னால் போனார். தொடை வரைக்கும் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ?

உள்ளே ஓடினேன். நாத்தனாரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. சாக்கைப் பிடித்து இழுத்தேன், ஆணியோடு வந்தது. ஜன்னலைத் திறந்தேன், எதிர்க் கதவைத் திறந்து கல் வைத்தேன். கரிச்சட்டியைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் எறிந்தேன். கை வெந்துபோனது. மாமியார் ஓடிவந்து என் தலைமயிரைப் பிடித்தாள்.

“என் பொண்ணு சாகணுமாடி உனக்கு?”

“அத்தை, போன வருஷம் நான் தூங்கல. செத்துக்கிட்டிருந்தேன். உங்க பேரனும்தான். அவுரு மட்டும் கூரைய உடைக்கலைன்னா ரெண்டு பேரையும் பொதைச்சிருப்பீங்க!”

அவள் கை தானாக விட்டது. அந்நேரம் நாத்தனார் புரண்டு வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். குழந்தையைத் தூக்கி ஜன்னலோரம் பிடித்தேன், ஒரு தும்மல் போட்டுவிட்டு அதுவும் அழுதது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு நான் தெருவுக்கு வந்தேன்.

அவர் அங்கேயே நின்றிருந்தார்.

“தொறந்துட்டேன் மாமா. ரெண்டு பக்கமும். ரெண்டு பேரும் அழுவுறாங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “போன வருஷம்... உனக்கும் தலை வலிச்சுதாம்மா?”

“வலிச்சுது. கையைத் தூக்க முடியல. போறோம்னு தெரிஞ்சிது.”

“ஐயா கேட்டப்போ?”

“பொய் சொன்னேன் மாமா.”

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் கண்களை மூடித் திறந்தார். “ஒரு வருஷம்மா” என்றார். “ஒரு வருஷமா நான் எதைத் தொட்டாலும் பக்கத்து ஆளைச் சரிதானான்னு கேக்கறேன்.” பிறகு பின்னால் கோத்திருந்த கையைப் பிரித்துத் தெருவைக் காட்டினார். “வா. இதை எல்லார் கிட்டயும் சொல்லு.”

மழையில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். முதல் வீட்டுக் கதவை அவரே தட்டினார். திறந்தவர்களிடம் நான் சொன்னேன்: அன்றைக்கு நானும் பிள்ளையும் செத்துக்கொண்டிருந்தோம், இவர்தான் காப்பாற்றினார், உபதேசியார் கேட்டபோது நான் பொய் சொன்னேன். அடுத்த வீடு. அதற்கு அடுத்த வீடு. சிலர் வாயில் கைவைத்தார்கள், ஒருத்தி என் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். அவர் ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. நான் முடித்ததும் நகர்ந்து அடுத்த கதவைத் தட்டினார்.

கடைசி வீடு அவருடையது. அங்கே அவர் தட்டவில்லை, ஒதுங்கி நின்றார். நான்தான் தட்டினேன். அவர் மனைவி வந்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். தெரு முழுக்கச் சொன்னவள், அந்தப் பெண்பிள்ளை முன்னால் தேம்பித் தேம்பித்தான் சொல்லி முடித்தேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“செஞ்சது சரிதான்னு நான் சொன்னப்போதான் நம்பல. இப்போ கேட்டுச்சா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.